கறுப்புப்பாலத் தோட்டம் கார்ட்டரை ஆதரித்தது

1976 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோர்வூட்டுக்கு மேலே உள்ள கறுப்புப்பாலத் தோட்டத்தின் பழைய தொழிற்சங்கக் கிளை, அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஜிம்மி கார்ட்டரை ஆதரிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்தக் கிளையின் உறுப்பினர்களில் ஒருவருக்கும் உலகத்தில் எந்த நாட்டிலும் வோட்டு இல்லை.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் ராக்காயி. மலையில் கொழுந்து பறிப்பவள். கிளையின் மாதர் தலைவி. அவள் இதைத் திட்டமிட்டுச் செய்தாள் என்று பிறகு பலர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. கூட்டம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடந்தது. பேச வேண்டிய விஷயங்கள் இரண்டுதான், கீழ் லயத்துக் கூரையும் மேல் லயத்துக் கக்கூசும். இரண்டும் பல வருஷங்களாகப் பேசப்பட்டு வந்தவை என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டன. ஆனால் மழை நிற்கவில்லை. யாரும் வெளியே இறங்க முடியவில்லை. கிளைக்குக் கூட்டக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியர் மத்தியாஸ், பொழுது போவதற்காகப் பேப்பரை விரித்து வெளிநாட்டுச் செய்திகளை வாசித்தார்.

அமெரிக்காவில் ஆசிரியர் சங்கம் கார்ட்டருக்கு ஆதரவு என்று அறிவித்திருந்தது. வேறு தொழிற்சங்கங்களும் அறிவித்திருந்தன. சில பத்திரிகைகள் இப்போது பதவியில் இருக்கும் போர்ட்டுக்கு ஆதரவு என்றன. அங்கே தேர்தல் வந்தால் ஆளாளுக்கு இப்படி அறிவிப்பார்கள் என்று மத்தியாஸ் விளக்கினார்.

ராக்காயி, வேட்பாளர்கள் சங்கங்களிடம் வந்து ஆதரவு கேட்பார்களா என்று விசாரித்தாள். ஊர் ஊராகப் போய்க் கேட்பார்கள், என்ன செய்து தருவோம் என்றும் சொல்வார்கள் என்றார் மத்தியாஸ். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது அவளுடைய அப்பா ஒரே ஒரு தரம் வோட்டுப் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை போய்விட்டது. வோட்டில்லாத மலைக்கு ஜீப்பில் ஏறி வந்து ஆதரவு கேட்க எந்த வேட்பாளருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

"அவங்க வந்து கேக்காட்டி என்ன, நாங்களா குடுத்துருவோம்" என்றாள்.

கிளையின் தோட்டத் தலைவர் ஆண்டியப்பன், வயதில் மூத்தவர், நிதானமானவர். "நமக்கு வோட்டு இல்லியே, புள்ள" என்றார்.

"வோட்டா குடுக்கப் போறோம்? ஆதரவுதானே. அத யாரும் நம்மகிட்ட இருந்து எடுக்கலியே."

ஆண்டியப்பன் மத்தியாஸைப் பார்த்தார். மத்தியாஸ் தமக்குத் தெரிந்த சட்டங்களை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தடை ஒன்றும் இல்லை என்றார்.

அடுத்து யாரை ஆதரிப்பது என்ற பேச்சு வந்தது. கார்ட்டர் நிலக்கடலை, அதாவது கச்சான், பயிரிடுகிறவர் என்று பேப்பரில் இருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பொன்னையா உடனே எழுந்து, அப்படியானால் அவர் முதலாளி, தொழிற்சங்கம் முதலாளியை ஆதரிப்பது எங்கும் கேள்விப்படாத விஷயம் என்றான். கச்சானைக் குனிந்துதான் பிடுங்க வேண்டும், முதலாளி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் சின்ன வயதில் ஒரு தரமாவது குனிந்திருப்பார், இந்த மலைக்கு வந்த துரைமாரில் ஒருவராவது ஒரு கொழுந்து கிள்ளிப் பார்த்ததுண்டா என்று ராக்காயி கேட்டாள். கை தூக்கும் நேரத்தில் பொன்னையா மழையையும் பாராமல் வெளியே போயிருந்தான். அதனால்தான் ஏகமனதாயிற்று.

மத்தியாஸ் தீர்மானத்தை ஆங்கிலத்தில் எழுதினார். கார்ட்டரின் ஊர் பிளேன்ஸ் என்று பேப்பரில் இருந்ததால் அதையே விலாசமாகப் போட்டார். அது இங்கே பட்டிப்பொலைக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் பிளேன்ஸா என்று ஆண்டியப்பன் கேட்டார். அங்கே இந்தக் குளிரில் கச்சான் வராதே என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. இது வேறு பிளேன்ஸ் என்று மத்தியாஸ் சொன்னார். நோர்வூட் தபாற்கந்தோரிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பிறகு விமானத் தபாலில் அனுப்பினார்கள். கிளையின் எல்லாத் தீர்மானங்களையும் போல இதற்கும் ஒரு பிரதி தோட்டத்து ஆபீசுக்குப் போயிற்று.

செய்தி, தீர்மானித்த அன்று சாயங்காலமே, தோட்டத்தின் இன்னொரு சங்கமான புதுச் சங்கத்துக்கு எட்டிவிட்டது. அந்தச் சங்கத்தின் தலைவன் முத்துலிங்கம். ராக்காயியின் கூடப்பிறந்த தம்பி.

அக்காவும் தம்பியும் ஒரே லயத்து வரிசை வீடுகளில், இடையில் இரண்டு காம்பரா விட்டுக் குடியிருந்தார்கள். இரண்டு வருஷங்களுக்கு முன்பு முத்துலிங்கம் பழைய சங்கத்தை விட்டுப் புதுச் சங்கத்தில் சேர்ந்தான். அன்றையிலிருந்து பேச்சில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற விஷயங்களை முத்துலிங்கத்தின் மனைவி பூரணி இரண்டு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். அதனால் சண்டை கெடாமல் அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சங்கம் கூடி, போர்ட்டை ஆதரிப்பதென்று தீர்மானித்தது. முத்துலிங்கம் இரண்டு காரணங்கள் சொன்னான். முதலாவது, போர்ட் யாருடைய வோட்டும் விழாமல் ஜனாதிபதியானவர், ஆகவே வோட்டில்லாதவன் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். இரண்டாவது, கோதுமை மா. எழுபத்து நாலாம் வருஷத்துப் பஞ்சத்தில், கை குலுக்குகிற படம் போட்ட அமெரிக்க மா மூட்டைகள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து இறங்கியது அந்த மனுஷன் பதவிக்கு வந்த பிறகுதான். இரண்டாவது காரணத்துக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது.

அதன் பிறகு தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஏற்கெனவே பிரிந்துதான் இருந்தது. இப்போது பிரிவுக்குப் பெயர் கிடைத்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாரைக் கச்சான் என்றார்கள். அவர்கள் இவர்களை மா மூட்டை என்றார்கள். மலையில் கச்சான்காரிகள் மேல் நிரையிலும் மா மூட்டைக்காரிகள் கீழ் நிரையிலும் நின்று பறிக்க விரும்பியதால் கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்கும் பீலியில் இரண்டு வரிசை உண்டாயிற்று. யார் முந்தி என்பதில் ஒரு நாள் கைகலப்பாகி, ஒரு குடம் நசுங்கியது. கார்ட்டர் எப்படி இருப்பார், போர்ட் எப்படி இருப்பார் என்று அந்த இரண்டு வரிசையில் நின்ற யாருக்கும் தெரியாது.

அரசாங்கம் தோட்டங்களை எடுத்த பிறகு தோட்டத்தை நடத்த வந்தவர் துரை. புதியவர், இளைஞர். எதிலும் சதி இருக்கலாம் என்று நினைக்கிறவர். தீர்மானத்தின் பிரதியையும் குடம் நசுங்கிய செய்தியையும் அவர் சேர்த்துப் பார்த்தார். பொலிசுக்குப் போன் போட்டார்.

மறுநாள் ஒரு சாஜன் வந்தார். தொப்பையும் மூக்கடைத்த தடிமனுமாக, மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆபீஸ் விறாந்தையில் உட்கார்ந்தார். ராக்காயியையும் முத்துலிங்கத்தையும் கூப்பிட்டனுப்பினார். ஒரே ஒரு வாங்குதான் இருந்தது. அக்கா ஒரு ஓரத்திலும் தம்பி மறு ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். சாஜன் சிங்களத்தில் கேட்டதை மத்தியாஸ் தமிழில் சொன்னார். இரண்டு பேருக்கும் சிங்களம் விளங்கும். ஆனால் வாக்குமூலம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சாஜன் சொல்லிவிட்டார்.

முதலில், கார்ட்டர் என்பவர் முன்பு இந்தத் தோட்டத்தில் துரையாக இருந்தவரா என்று கேட்டார். வெள்ளைக்காரர்களைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியோ என்பது துரையின் சந்தேகம். இல்லை என்று தெரிந்ததும் சாஜனுக்குப் பாதி வேலை முடிந்தது போலிருந்தது. யார் தூண்டிவிட்டது என்று கேட்டார். யாரும் தூண்டவில்லை, மழை பெய்தது என்றாள் ராக்காயி. சாஜன் அதை எழுதிக்கொண்டார்.

பிறகு, உள்ளூர்த் தேர்தல் எதற்காவது ஆதரவு தெரிவிக்காமல் அமெரிக்காவுக்குப் போனது ஏன் என்றார்.

"இங்க எங்க மாத்தயா எலெக்சன் நடக்குது?" என்றாள் ராக்காயி.

சாஜன் பேனாவை நிறுத்தினார். தேர்தல் எழுபத்தைந்திலேயே வந்திருக்க வேண்டும், அரசாங்கம் தள்ளிப்போட்டுவிட்டது, தாம் கடைசியாக வோட்டுப் போட்டது எழுபதில் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அதை அவர் எழுதவில்லை.

முத்துலிங்கத்திடம் போர்ட் ஏன் என்று கேட்டார். முத்துலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்து, பஞ்சத்தில் தன்னுடைய பிள்ளை எலும்பும் தோலுமாய்க் கிடந்ததையும், மா வந்த பிறகு தேறி எழும்பியதையும் சொன்னான். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான், மாஸ்டரிடமே கேட்டுப் பாருங்கள் என்றான். மத்தியாஸ் அதை மொழிபெயர்த்து, தாமும் ஆமென்று தலையாட்டினார்.

சாஜன் ராக்காயி பக்கம் திரும்பி, நீயும் அந்த மாவைச் சாப்பிட்டவள்தானே, பிறகேன் மற்ற ஆளை ஆதரிக்கிறாய் என்றார்.

ராக்காயி இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியின், கையில் சுற்றிய நுனியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எம்மக ஆனியில போயிட்டா. மா வந்தது ஐப்பசியில. வந்த மாவ நான் கொற சொல்லல, மாத்தயா. எல்லாருந்தான் தின்னோம், நானும் தின்னேன். ஆனா அனுப்புறதுன்னா நேரத்துக்கு அனுப்பணும். புதுசா ஒருத்தர் வந்தா நேரத்துக்கு அனுப்புவாரோன்னு ஒரு எண்ணம்."

அந்த ஆனி மாதத்தில் போர்ட் இன்னும் ஜனாதிபதியாகவில்லை என்பது மத்தியாஸுக்கு ஞாபகம் வந்தது. அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. பிறகு அவள் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். ஏற்கெனவே விளங்கிவிட்ட சாஜன், மறுபடியும் முதலிலிருந்து கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். வாங்கின் மறு ஓரத்தில் முத்துலிங்கம் தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி இருந்தான். அந்தப் பிள்ளையைக் குழிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

சாஜன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குற்றம் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் துரைக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்றார். யார் வென்றாலும் லயத்தில் பட்டாசு கொளுத்துவதில்லை, பீலியில் சண்டை பிடிப்பதில்லை என்று இரண்டு தலைவர்களும் ஒரு வருஷத்துக்கு உறுதி எழுதித் தர வேண்டும். ராக்காயி பெருவிரலை வைத்தாள். முத்துலிங்கம் பேனாவை வாங்காமல் தயங்கினான்.

"ஒரு வருசத்துக்குன்னா முடியாதுங்க" என்றான். "நாங்க தையில இந்தியாவுக்குப் போறோம். பாஸ்போட்டு வந்துருச்சு. தலைமன்னார்ல கப்பலுக்கு நாளும் குடுத்துட்டாங்க."

ராக்காயி திரும்பிப் பார்த்தாள். பூரணி வீட்டார் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோது அவனும் சேர்ந்து எழுதினான் என்பது அவளுக்குத் தெரியும். ராக்காயியின் புருஷன் இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லோரும் ஏதாவதொன்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இருந்தார்கள். எதற்கும் பதில் வராது என்கிற தைரியத்தில் யாரும் அதைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. பூரணி கூட இதைச் சொல்லவில்லை. சொல்லும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சாஜன் ஒரு வருஷம் என்பதை வெட்டி, தை வரைக்கும் என்று திருத்தினார். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே, முத்துலிங்கம் போகிற நாட்டிலும் இப்போது அவசரகாலச் சட்டம், தேர்தலைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி, ஆக மூன்று நாட்டில் அமெரிக்காவில் மட்டும்தான் இந்த வருஷம் தேர்தல் நடக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் ராக்காயியைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார் என்று மத்தியாஸ் பிறகு சொல்வதுண்டு.

அக்காவும் தம்பியும் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக லயத்துக்கு நடந்தார்கள்.

தேர்தல் முடிவு நவம்பர் மூன்றாம் திகதி தெரிந்தது. மத்தியாஸின் குவாட்டசில் வானொலி இருந்தது. செய்தியைக் கேட்டுவிட்டு அவர் மலைக்குச் சொல்லியனுப்பினார். கார்ட்டர் வென்றுவிட்டார். சாயங்கால நிறுவையில் கச்சான்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். கைதட்டக் கூடாது என்று உறுதியில் இல்லை. கணக்கப்பிள்ளை அதற்காக எடையில் அரை றாத்தல் கூடக் கழித்து எழுதினார். ஆண்டியப்பன் வந்து ராக்காயிக்கு வாழ்த்துச் சொன்னார். இதுவரை கிளை எடுத்த தீர்மானங்களில் நிறைவேறியது இது ஒன்றுதான் என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

ராக்காயி கூடையை வீட்டில் வைத்தாள். முகம் கழுவினாள். இரண்டு காம்பரா தாண்டித் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள். முத்துலிங்கம் அடுப்படியில் குந்தியிருந்தான். பூரணி பலகையை நகர்த்திப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"ஒன் ஆளு வந்துட்டாரு" என்றான் முத்துலிங்கம்.

"வந்துட்டாரு."

"இனிமே என்னா செய்றாருன்னு பாக்கணும்."

"பாக்கலாம்." அவள் உட்கார்ந்தாள். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"பேசிக்கிட்டா இருந்தோம்?"

அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. எதையெல்லாம் கொண்டுபோகிறீர்கள் என்று பூரணியிடம் விசாரித்தாள். அம்மியைத் தூக்க வேண்டாம், அங்கே கல்லுக்குப் பஞ்சமில்லையாம் என்றாள். கம்பளிகளை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றாள். அங்கே வெயில், கம்பளி எதற்கு என்று முத்துலிங்கம் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்ததும், அவர்களுடைய பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை இருந்தாள். அவன் தன் மகளைவிட மூன்று மாதம் மூத்தவன். மறுநாளும் வந்தாள். தை மாதம் வரைக்கும் ஒவ்வொரு நாளும் வந்தாள்.

இதற்குள் பீலியில் பழையபடி ஒரே வரிசையாகிவிட்டது. போர்ட் தோற்ற பிறகு மா மூட்டை என்று திட்டுவதில் யாருக்கும் சுவாரசியம் இருக்கவில்லை.

போகிற அன்று இரண்டு சங்கமும் அட்டன் ஸ்டேசனுக்கு வந்தன. மேடையில் வேறு தோட்டத்துக் குடும்பங்களும் தகரப் பெட்டிகளோடு நின்றார்கள். அழுகைச் சத்தத்தில் ரயில் வரும் அறிவிப்பு யாருக்கும் கேட்கவில்லை. முத்துலிங்கத்துக்கு மாலை போட்டுப் பேசுவது யார் என்பதில் புதுச் சங்கத்து உபதலைவருக்கும் ஆண்டியப்பனுக்கும் வாக்குவாதம் வந்தது. எந்தச் சங்கமானாலும் போகிறவன் நம்ம பிள்ளை என்றார் ஆண்டியப்பன். அவர்கள் முடிவெடுப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. ஒருவரும் பேசவில்லை. மாலை மட்டும் இரண்டு விழுந்தது.

ராக்காயி அழவில்லை. மூட்டைகளை எண்ணி ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்பளி மூட்டையும் அதில் இருந்தது. ரயில் அசைந்தபோது முத்துலிங்கம் ஜன்னலில் குனிந்தான்.

"அக்கா, அந்த மா விசயம் நான் ஆபீசுல அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"நீ ஒம்புள்ளையப் பத்திச் சொன்ன. அதுல என்ன?" என்றாள் அவள். "போ. போயிக் காகிதம் போடு."

அதற்குமேல் நடக்க மேடை இல்லை. அவள் நின்றுவிட்டாள். ரயில் மலையேறும் கொட்டகலைப் பக்கம் போகவில்லை, கீழே இறங்குகிற பக்கம்தான் போயிற்று. புகை கலைகிற வரைக்கும் நின்றவள், திரும்பி வரும் பஸ்ஸில், ஆண்டியப்பனின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நோர்வூட் வரைக்கும் அழுதாள். இருபக்கத்துச் சங்கத்து ஆட்களும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கார்ட்டரிடமிருந்து பதில் வரவில்லை. முத்துலிங்கத்திடமிருந்து வந்தது. மண்டபம் முகாமில் சில மாதம், பிறகு நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டம். பழைய தொழில்தான், குளிரும் பழைய குளிர்தான், கம்பளி உதவியது என்று எழுதியிருந்தான். அங்கே அவனைச் சிலோன்காரன் என்றார்கள். எழுபத்தேழில் தேர்தல் நடந்தபோது வாக்காளர் பட்டியலில் பெயர் வரவில்லை. எண்பதாம் வருஷம் வந்துவிட்டது.

அதைச் சொன்ன காகிதத்தை மத்தியாஸ்தான் வாசித்துக் காட்டினார். மூன்று கட்சிக்காரர்கள் லயத்துக்கு வந்து கும்பிட்டு ஆதரவு கேட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றார்களாம். விரலில் மை வைத்தார்களாம். பூரணி தன் விரலை இரண்டு நாள் கழுவாமல் வைத்திருந்தாளாம். குத்திவிட்டு வெளியே வந்தால் ஒன்றும் ஆகவில்லை, அரை நாள் சம்பளத்துக்கு மலைக்குப் போய்விட்டோம் என்று எழுதி, எல்லோரையும் விசாரித்து முடித்திருந்தான்.

ராக்காயி மடியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மத்தியாஸ் காகிதத்தை மடித்தார்.

"யாருக்குப் போட்டானாம்?"

மத்தியாஸ் மறுபடி விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதை எழுதவில்லை என்றார்.

"கேட்டு எழுதுங்க, மாஸ்டர்" என்றாள். "முதல் வரியில அதக் கேளுங்க. மிச்சத்த அப்பறம் சொல்றேன்."